திருமலையில் இருந்து வீடியோ வருமானம்: காசு வந்துசேரும் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்

சனல் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் கமராவில்தான் தொடங்குகிறார்கள். எந்தப் போன், எந்த மைக், என்ன பெயர் என்பதிலேயே மாதங்கள் ஓடிவிடும். ஆனால் திருமலை என்று நாங்கள் சொல்லும் திருகோணமலையில் இருந்து வீடியோ போடுகிறவருக்குப் பெரிய சிக்கல் கடைசிப் படியில்தான் காத்திருக்கிறது. கணக்கில் டொலர் சேர்ந்திருக்கும், வங்கிப் புத்தகத்தில் ரூபாய் விழாது. பெயர் பொருந்தாமல் இருக்கும், கடிதம் வந்திருக்காது, நாடு மாறிப் பதிந்திருக்கும். அதனால் அந்த முனையை முதலில் சரிசெய்துகொள்ளுங்கள்.

பெயர், விலாசம், வங்கி

யூடியூப் விளம்பரக் காசு அட்சென்ஸ் எனும் கூகுளின் கொடுப்பனவுக் கணக்கு வழியாகத்தான் வரும். ஆளுக்கு ஒரு கணக்குத்தான். இரண்டாவதைத் திறந்தால் நிராகரிப்பார்கள். திறக்கும்போது கொடுத்த நாட்டைப் பிறகு மாற்ற முடியாது. மாற்ற வேண்டுமென்றால் கணக்கை மூடிப் புதிதாகத் திறக்க வேண்டும். ஆகவே "கனடாவில் உள்ள மாமாவின் விலாசத்தைப் போடு, கூடக் காசு வரும்" என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். விளம்பர விலையில் கணக்கில் வருவது பார்க்கிறவர் இருக்கும் நாடு. உங்கள் கணக்கு எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறது என்பதால் அது உயராது. 18 வயது நிரம்பாதவர்கள் தாய் தகப்பனின் கணக்கோடு சனலை இணைக்க வேண்டும்.

பெயர்தான் பலரையும் மாட்டிவிடுகிறது. அடையாள அட்டையில் முழுப்பெயர் இருக்கும், வங்கிப் புத்தகத்தில் முதலெழுத்துகள், அட்சென்ஸில் கூப்பிடு பெயர். இப்படி மூன்று விதமாக இருந்தால் அனுப்பிய பணம் திரும்பிப் போகலாம். வங்கிக் கிளைக்கு நேரே போய், கணக்கு ஆங்கிலத்தில் எந்த எழுத்துக்கூட்டலில் பதிவாகியிருக்கிறது என்று பார்த்து, ஒரு புள்ளிகூட மாறாமல் அதையே அட்சென்ஸில் போடுங்கள். போனதோடு போனதாக, வெளிநாட்டுப் பணம் வந்துசேர வங்கியை அடையாளம் காட்டும் ஸ்விஃப்ட் குறியீட்டையும், வெளிநாட்டிலிருந்து வரும் தொகைக்கு எவ்வளவு கட்டணம் கழிப்பார்கள் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கணக்கில் 10 டொலர் சேர்ந்ததும் உங்கள் விலாசத்தைச் சரிபார்க்க 6 இலக்க எண் ஒன்று சாதாரணத் தபாலில் வரும். வர இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முதல் எண் உருவான நாளிலிருந்து 4 மாதத்துக்குள் அதைப் பதியாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும். நகருக்குள் வீட்டு இலக்கம், வீதி, 31000 என்ற தபால் குறியீடு போதும். இலக்கமில்லாத வீடென்றால் கிராமத்தின் பெயரோடு உங்கள் உப தபாலகத்தின் பெயரையும் எழுதுங்கள். தபால்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைப்பது எந்தத் தொழில்நுட்பத்தையும் விட நன்றாக வேலைசெய்யும்.

பணம் 100 டொலர் சேர்ந்த பிறகே வெளியே வரும். ஒரு மாத உழைப்பு அடுத்த மாதம் 21 முதல் 26ஆம் திகதிக்குள் அனுப்பப்படும். ஒவ்வொரு முறையும் வங்கிக் கட்டணம் கழியும் என்பதால் 100 டொலரிலேயே எடுக்க அவசரப்படத் தேவையில்லை. அட்சென்ஸில் எடுப்புத் தொகையை நீங்களே 200, 300 என்று உயர்த்தி வைக்கலாம். கட்டணம் ஒரு தடவை மட்டுமே போகும்.

இன்னும் ஒரு படிவம் இருக்கிறது: அமெரிக்க வரிக்கான டபிள்யூ-8 பிஈஎன். அதை நிரப்பாமல் விட்டால், பார்ப்பவர் எந்த நாட்டில் இருந்தாலும் மொத்த வருமானத்தில் 24 வீதம் வரை பிடிக்கலாம். நிரப்பினால் அமெரிக்காவில் இருந்து பார்த்தவர்களால் வந்த பங்குக்கு மட்டுமே வரி. அதுவும் ஒப்பந்தமில்லாத நாட்டுக்காரருக்குத்தான் 30 வீதம். இலங்கைக்கும் அமெரிக்காவுக்கும் வரி ஒப்பந்தம் உண்டு. உள்நாட்டு இறைவரித் திணைக்களம் தரும் வரி இலக்கத்தைப் போட்டு, ஒப்பந்தச் சலுகையைக் கோரும் பகுதியையும் நிரப்பினால் விகிதம் குறையும். பலர் அந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

வாசலைத் தாண்டுவது

யூடியூபில் விளம்பரப் பங்கு கிடைக்க 1000 சந்தாதாரர் வேண்டும். அதோடு கடந்த 12 மாதத்தில் 4000 மணி நேரப் பார்வை, அல்லது கடந்த 90 நாளில் சோர்ட்ஸ் எனும் குறு வீடியோக்களில் 1 கோடி பார்வை. 500 சந்தாதாரரோடு திறக்கும் கீழ்ப்படி ஒன்றும் உண்டு, ஆனால் அதில் விளம்பரப் பங்கு இல்லை.

4000 மணி நேரம் என்றால் 2,40,000 நிமிடம். ஒருவர் சராசரியாக 4 நிமிடம் பார்த்தால் 60,000 பார்வை தேவை. 6 நிமிடம் பார்த்தால் 40,000 போதும். சோர்ட்ஸ் ஓடையில் பார்த்த நேரம் இந்த 4000இல் சேராது. சோர்ட்ஸில் இலட்சக்கணக்கில் பார்வை வந்தும் மணிக்கணக்கு நகரவில்லையே என்று தவிப்பவர்களின் குழப்பம் இதுதான்.

விண்ணப்பித்த பின் பார்க்கப்படுவது சனலின் மையப் பொருள், அதிகம் பார்க்கப்பட்ட வீடியோக்கள், புதியவை, தலைப்புகள், சனல் விபரம். பிறர் வீடியோவை வெட்டி ஒட்டியது, ஒரே அச்சில் வார்த்தது, கணினிக் குரலில் செய்தி வாசித்தது ஆகியவை பெருவாரியாக இருந்தால் மறுப்பு வரும். 2025 ஜூலையில் இந்த விதியைத் திருத்தி, பெருமெடுப்பில் உற்பத்தியாகும் அசலற்ற உள்ளடக்கம் என்பதை இன்னும் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். முதல் மறுப்புக்குப் பின் 30 நாள் கழித்துத் திரும்ப விண்ணப்பிக்கலாம், அதற்குப் பிந்திய மறுப்புகளுக்கு 90 நாள். அந்த இடைவெளியில் பழைய ஒட்டு வேலைகளை நீக்கிவிட்டுப் போங்கள். அப்படியே திரும்ப அனுப்புவதில் பயனில்லை.

பங்கு எப்படிப் பிரிகிறது

நீள வீடியோவில் ஓடும் விளம்பரத்தில் 55 வீதம் உங்களுக்கு. சோர்ட்ஸில் கணக்கு வேறு. எல்லோருடைய விளம்பரக் காசும் பொதுவாகச் சேர்ந்து, பார்வைக்கு ஏற்பப் பிரிந்து, உங்கள் பங்கில் 45 வீதம் கையில் வரும். சோர்ட்ஸில் ஒரு பாட்டைப் போட்டால் அந்தப் பார்வைக்கான காசில் பாதி, பங்கு பிரியும் முன்பே இசைக்குப் போய்விடும். இரண்டு பாட்டென்றால் மூன்றில் இரண்டு. கடல் இரைச்சலையே பின்னணியாக விட்டால் ஒன்றும் போகாது.

8 நிமிடத்துக்குக் குறையாத வீடியோவில் நடுவிலும் விளம்பரம் வைக்கலாம். அதற்காக 5 நிமிடச் சரக்கை 8க்கு இழுத்தால் ஆட்கள் பாதியில் போய்விடுவார்கள், நடு விளம்பரம் ஓடவே ஓடாது.

நீங்கள் பார்க்க வேண்டிய இலக்கம் ஆர்பிஎம், அதாவது ஆயிரம் பார்வைக்கு உங்கள் கையில் நிற்கும் தொகை. அது 1 டொலர் என்றால் 100 டொலருக்கு ஒரு இலட்சம் பார்வை வேண்டும். 4 டொலர் என்றால் 25,000 போதும். இந்த வித்தியாசத்தை உண்டாக்குவதில் முதலிடம் பார்க்கிறவர் இருக்கும் நாட்டுக்கு. ஒரே தமிழ் வீடியோ தமிழ்நாட்டில் ஓடினால் ஒரு விலை, கனடா, பிரித்தானியா, சுவிஸ், நோர்வே, அவுஸ்திரேலியாவில் ஓடினால் வேறு விலை. ஊரை விட்டுப் போனவர்கள் தேடிப் பார்க்கக்கூடியவை திருமலையில் குறைவில்லாமல் கிடக்கின்றன: நிலாவெளியில் கரைவலை இழுப்பது, தம்பலகாமத்துத் தயிர், கன்னியா வெந்நீரூற்று, படகில் போன மூதூருக்குக் கிண்ணியாப் பாலத்தால் இப்போது எப்படிப் போவது. தலைப்பில் திருகோணமலை, திருமலை இரண்டையும் போட்டு, ஆங்கில எழுத்திலும் ஒருமுறை எழுதுங்கள். இரண்டாம் தலைமுறை அப்படித்தான் தேடும்.

நேரமும் முக்கியம். கோடையில் ரொறொன்ரோவில் இரவு 8 மணி என்றால் இங்கே மறுநாள் காலை 5.30, பாரிஸில் இரவு 8 என்றால் இங்கே 11.30. அதற்கேற்ப நேரம் குறித்து வைத்துவிட்டுப் படுத்துவிடுங்கள்.

ஆண்டுக் கணக்கும் ஒன்று உண்டு. விளம்பர விலை ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை ஏறும், ஜனவரியில் விழும். திருமலைக்கோ அந்த மூன்று மாதமும் மழையும் கலங்கிய கடலும். ஆகவே மே முதல் செப்டெம்பர் வரை கடல் அமைதியாக இருக்கும்போது இரட்டிப்பாக எடுத்துச் சேர்த்துவைத்து, மழைக்காலத்தில் வெளியிட வேண்டும். "எப்படிப் போவது, எங்கே தங்குவது" வகையை மட்டும் பெப்ரவரி, மார்ச்சில் போடுங்கள், வெளிநாட்டுக்காரர் கோடை விடுமுறைக்கு ரிக்கெட் பார்க்கும் காலம் அது.

எடுக்கும்போது கெடுவது

முதலில் கெடுவது சத்தம். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் கரையில் நின்று போன் மைக்கில் பேசினால் ஒரு வார்த்தையும் தேறாது. சட்டையில் மாட்டும் மைக்கும் அதற்கு மயிர்ப் பஞ்சு உறையும்தான் முதல் செலவாக இருக்கட்டும், புதுப் போன் பிறகு. 10 நிமிட 1080பி வீடியோ ஏறத்தாழ 600 எம்பி வரும். நள்ளிரவுக்குப் பின் டேட்டா கூடத் தரும் பொதி இருந்தால் அப்போது ஏற்றுங்கள்.

அடுத்தது பாட்டு. கோவில் திருவிழாவை எடுத்தால் ஒலிபெருக்கியில் போகும் பக்திப் பாட்டு யாரோ ஒரு இசை நிறுவனத்துக்குச் சொந்தமாக இருக்கும். உரிமைக் கோரல் வந்து அந்த வீடியோவின் காசு அங்கே போய்விடும். நாதஸ்வரத்தில் சினிமாப் பாட்டை வாசித்தாலும் சிலவேளை பிடிபடும். கோரல் வேறு, எச்சரிக்கை வேறு. கோரலால் காசுதான் போகும். பதிப்புரிமை எச்சரிக்கை 90 நாளுக்குள் மூன்று சேர்ந்தால் சனலே போகலாம். கோரல் வந்தால் யூடியூப் ஸ்டூடியோ செயலியிலேயே அந்தத் துண்டை வெட்டலாம், பாட்டை மட்டும் அமத்தலாம். கோரல் பிழை என்று உறுதியாகத் தெரிந்தால் 5 நாளுக்குள் மறுப்புத் தெரிவியுங்கள், அப்போதுதான் முதல் நாளிலிருந்து வந்த காசு தனியே எடுத்துவைக்கப்படும்.

மூன்றாவது, எடுக்கும் இடம். கோணேசர் கோவிலுக்குப் போகும் பாதை பிரட்ரிக் கோட்டைக்குள்ளால் போகிறது, உள்ளே இராணுவம் இருக்கிறது. காவலரணையும் முகாமையும் எடுக்காதீர்கள். கடற்படைத் தளம், சீனக்குடா விமானத்தளம் பக்கமும் அப்படியே. ட்ரோனுக்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையில் பதிவும் அனுமதியும் வேண்டும். புறாத்தீவு தேசியப் பூங்கா என்பதால் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி தனி. கோவிலுக்குள் எடுப்பதற்கு முன் பரிபாலன சபையிடம் கேளுங்கள்; மூலஸ்தானம் பக்கம் கமராவைத் திருப்பவே வேண்டாம்.

தளங்களின் இழுபறி

வைன் என்ற குறு வீடியோத் தளம் மூடப்போவதாக 2016 ஒக்டோபரில் அறிவித்தபோது அதில் பேர் எடுத்தவர்கள் வேறு தளங்களில் திரும்பத் தொடங்க வேண்டி வந்தது. 2020 ஜூன் 29 இந்தியா டிக்டொக்கைத் தடைசெய்தது. ஜூலையில் இன்ஸ்டகிராம் ரீல்ஸும் செப்டெம்பரில் யூடியூப் சோர்ட்ஸும் இந்தியாவில் இறங்கின. இன்றும் டிக்டொக்கில் நீங்கள் போடுவது தமிழ்நாட்டைச் சென்றடையாது, அந்தப் பார்வையாளர் வேண்டுமென்றால் மற்ற இரண்டும்தான்.

ஆட்களைப் பிடிக்கத் தளங்கள் இரண்டு விதமாகக் காசு போடும். ஒன்று நிதி. 2020இல் டிக்டொக்கும், 2021இல் 10 கோடி டொலரோடு சோர்ட்ஸும் அப்படித்தான் செய்தன. நிதி என்பது ஒரே சட்டிச் சோறு, பந்தியில் ஆள் கூடக் கூட இலைக்கு விழுவது குறையும். மற்றது விளம்பரப் பங்கு. 2023 பெப்ரவரியில் சோர்ட்ஸ் நிதியை விட்டு இதற்கு மாறியது. விளம்பரம் கூடினால் பங்கும் கூடும். நிதி, போனஸ் என்று எது கொடுத்தாலும் வாங்குங்கள், ஆனால் அதை நம்பித் தவணைக்குக் கமரா வாங்காதீர்கள்.

டிக்டொக்கின் படைப்பாளர் வெகுமதித் திட்டம் சில நாடுகளுக்கு மட்டுமே, இலங்கை அவற்றில் இல்லை. வெளிநாட்டு சிம், வேறு நாட்டில் இருப்பதாகக் காட்டும் விபிஎன், வாடகைக்கு எடுத்த கணக்கு என்று வரும் குறுக்கு வழிகளில் காசு இன்னொருவர் பெயரில் சேரும், அவர் தராவிட்டால் கேட்க இடமில்லை. பேஸ்புக்கில் வேலை தொடங்கும் முன் பக்கத்தின் தொழில்முறைப் பலகையில் வருமானப் பகுதியைத் திறந்து, எந்தத் திட்டத்துக்குத் தகுதி என்று காட்டுகிறதோ அதை மட்டும் கணக்கில் எடுங்கள். ஆகவே நீள வீடியோ யூடியூபில், அதிலிருந்து வெட்டிய ஒரு நிமிடத் துண்டுகள் மற்ற இடங்களில் என்று வைத்துக்கொள்வது இங்கிருப்பவருக்குப் பொருந்தும். டிக்டொக் முத்திரை பதிந்த கோப்பை ரீல்ஸில் போட்டால் இன்ஸ்டகிராம் அதை ஒதுக்கும். முத்திரையில்லாத மூலக் கோப்பை எப்போதும் தனியே வையுங்கள்.

ஹோட்டலும் படகும்

உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்காரர்கள், புறாத்தீவுப் படகுக்காரர்கள், நகைக்கடை, புடவைக்கடை. சிறிய சனலுக்கு விளம்பரப் பங்கை விட முதலில் காசு தருவது இவர்கள்தான். "ஒரு இரவு தங்கிப் போங்கோ, சாப்பாடும் தாறம்" என்பது விருந்தோம்பல், சம்பளமாகாது. வட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள்: எத்தனை வீடியோ, எத்தனை நிமிடம், எந்தத் தளங்களில், எந்தத் திகதியில், எத்தனை தரம் திருத்தம், அந்த வீடியோவை அவர்கள் தங்கள் விளம்பரத்துக்கு எடுக்கலாமா. பாதிக் காசு முன்பணம். ஏற்றும்போது பணம் பெற்ற விளம்பரம் என்ற கட்டத்தைக் குறியிட மறக்க வேண்டாம்.

விலை பேசும்போது சந்தாதாரர் எண்ணிக்கையைக் காட்டுவதை விட, கடைசிப் பத்து வீடியோவின் சராசரிப் பார்வையையும் நாட்டு வாரியான பிரிவையும் ஸ்டூடியோவில் இருந்து படம்பிடித்துக் காட்டுங்கள். நிலாவெளி ஹோட்டலுக்கு லண்டனில் இருந்து பார்க்கும் 3000 பேர் உண்மையான வாடிக்கையாளர். நகரத்துப் புடவைக்கடைக்கு அவர்களால் பயனில்லை, அங்கே மாவட்டத்துக்குள் பார்க்கிறவர்கள்தான் வேண்டும். இரண்டுக்கும் ஒரே விலை சொல்பவர் ஒரு பக்கத்தில் நட்டப்படுவார்.

இலங்கை வரி

வெளிநாட்டுக்குச் செய்யும் சேவைக்கு வங்கி வழியாக வரும் அந்நியச் செலாவணி வருமானத்துக்கு முன்பு விலக்கு இருந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் அதற்கும் வரி, உச்சம் 15 வீதம். ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாய் வரை தனிநபர் நிவாரணம் உண்டு. வரியாண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை, அறிக்கை கொடுக்க இறுதி நாள் நவம்பர் 30. உள்ளூர்க் கடைகள் ரூபாயில் தரும் விளம்பரக் காசுக்கு இந்த 15 வீத வரம்பு பொருந்தாது, அது வழமையான விகிதங்களில் கணக்கிடப்படும். ஆகவே இரண்டு வருமானத்தையும் ஒரே வங்கிக் கணக்கில் கலக்காதீர்கள். ஒவ்வொரு மாதமும் அட்சென்ஸ் கொடுப்பனவு ரசீதையும் வங்கி அனுப்பும் வரவு அறிவித்தலையும் சேர்த்து வையுங்கள். எந்த நாளின் நாணய மாற்று விகிதத்தில் ரூபாயானது என்பது அந்த அறிவித்தலில் இருக்கும்.