டிசம்பர் முகாமுக்குப் பிள்ளையை அனுப்பும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் டிசம்பர் என்றால் பள்ளி விடுமுறை, பிசுபிசுக்கிற வெயில், கடற்கரைச் சாலை முழுக்க ஜோகன்னஸ்பர்க் பக்கத்து ஜிபி நம்பர் பிளேட் வண்டிகள். புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுக்கும் பிள்ளைகளையும் அவர்களுடைய கூடப்பிறந்தவர்களையும் சில நாள் வெளியே கூட்டிப்போய் விளையாட விடும் முகாம்களுக்கு நம் வீடுகளில் பெட்டி கட்டுவதும் இந்த வெயிலில்தான். நடிகர் பால் நியூமன் 1988-இல் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் தொடங்கிய முகாம் இந்த யோசனைக்கு உலகம் முழுக்கப் பேர் வாங்கிக் கொடுத்தது. அங்கே கோடை ஜூலையில், நமக்கு டிசம்பரில். அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் நர்ஸ். இப்படிப்பட்ட முகாமில் தன்னார்வலராக நிற்கிறேன். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் பக்கமிருந்து வரும் தமிழ்க் குடும்பங்களிடம் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பயப்படத் தேவையில்லாததற்கு நடுங்குவார்கள். பயப்பட வேண்டிய இடத்தில் "பரவாயில்லை, பார்த்துக்கலாம்" என்பார்கள்.

முதலில் தண்ணீர். "பிள்ளை நனைந்தால் சளி பிடிக்கும், குளத்தில் இறக்காதீங்க" என்று ஆயா வாசல் வரை வந்து சொல்லிவிட்டுப் போவார். நெஞ்சில் தோலுக்கு அடியில் மருந்து ஏற்றும் போர்ட் வைத்திருக்கும் பிள்ளை, அதில் ஊசி குத்தியிருக்காத நாட்களில், டாக்டர் சரி என்றால் குளோரின் போட்ட நீச்சல் குளத்தில் தாராளமாக இறங்கலாம். குழாய் வெளியே தொங்கும் ஹிக்மன் லைன் இருந்தால் கதை வேறு, அந்தப் பிள்ளையைத் தண்ணீரில் இறக்கவே கூடாது. ஆனால் அதே குடும்பம் போகிற வழியில் ஆற்றங்கரையில் கோம்பி வேனை நிறுத்திப் பிள்ளைகளைக் கால் நனைக்க விடும். நம் குவாஸுலு-நட்டால் மாகாணத்தின் ஆறுகளிலும் குட்டைகளிலும் பில்ஹார்ஸியா என்ற ஒட்டுண்ணிப் புழு நோய் இருக்கிறது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் கழிவுநீர்க் குழாய்கள் உடைந்து, இ-கோலை கிருமியால் டர்பன் கடற்கரைகளையே மூடி வைத்தது யாருக்கும் மறந்திருக்காது. மழை பெய்த மறுநாள் கடலும் வேண்டாம்.

அடுத்தது தேதி. முகாம் நாளைப் பார்த்துவிட்டு டிக்கெட், லீவு எல்லாம் போட்டபின் கீமோ தேதியைப் பார்ப்பது தலைகீழ் வேலை. பல கீமோ மருந்துகளில், ஏற்றியதிலிருந்து 7 முதல் 14 நாட்களுக்குள்தான் ரத்த அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். கிருமியோடு சண்டை போடும் வெள்ளையணுவான நியூட்ரோஃபில் 500-க்குக் கீழே போய்விட்டால் சாதாரணக் கிருமிகூட ஆபத்து. ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட் குறைந்திருந்தால் டிராம்போலின், மரம் ஏறுவது எல்லாம் கிடையாது. அக்டோபரில் டாக்டர் கையெழுத்துப் போட்ட படிவத்தை மட்டும் நீட்டினால் போதாது. கிளம்புவதற்குச் சில நாள் முன் எடுத்த ரத்தப் பரிசோதனை முடிவும் கையில் இருக்க வேண்டும். டிசம்பர் 16-இலிருந்து பாதி ஊரே விடுமுறையில் போய்விடும் என்பதால் கிளினிக்கில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இப்போது பனாடோ, அதாவது பாரசிட்டமால். நம் வீடுகளில் நெற்றி சுட்டால் கை தானாக அந்த பாட்டிலுக்குப் போகும். கீமோ எடுக்கும் பிள்ளைக்கு வெப்பமானி 38 டிகிரி காட்டினால் அது அவசர நிலை. பனாடோ கொடுத்தால் காய்ச்சல் இறங்கும், தொற்று உள்ளே ஏறிக்கொண்டே இருக்கும். அளந்து பார்க்காமல் எதுவும் கொடுக்கக் கூடாது. 38 என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற்ற வேண்டும் என்பதே குறிக்கோள். ஒரு தாய் பையின் பக்கவாட்டு ஜிப்பில் பனாடோவையும் நியூரோஃபென் என்ற ஐபுபுரோஃபென் மருந்தையும் சொருகிவிட்டு, "ராத்திரி லேசா சுட்டா நீயே குடிச்சிடு, அவங்ககிட்ட சொன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க" என்று பிள்ளையின் காதில் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். பாவம், நல்ல எண்ணம்தான். பிள்ளை முகாமை இழக்கக் கூடாது என்ற ஆசை. இதைவிட ஆபத்தான ஆசை இல்லை. நியூரோஃபென் பிளேட்லெட்டின் வேலையையும் கெடுக்கும்.

இதே காரணத்துக்காக முகாம் நடத்துபவர்களிடமும் ஒரு கேள்வி கேளுங்கள்: பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரி, அதற்கு எவ்வளவு நேரம்? டிராக்கன்ஸ்பெர்க் மலையடிவாரம் அழகுதான். அங்கிருந்து டர்பன் இன்கோசி ஆல்பர்ட் லுத்துலி மருத்துவமனைக்கு வர மூன்று மணி நேரம் ஆகும். நடுவில் எங்கே முதல் ஊசி போடுவார்கள் என்பதற்கு அவர்களிடம் பதில் இருக்க வேண்டும்.

அம்மை விஷயத்தில் நம் ஆட்கள் வாயே திறப்பதில்லை. சின்னம்மை தடுப்பூசி இங்கே அரசு அட்டவணையில் கிடையாது, தனியாரிடம் காசு கொடுத்துத்தான் போட வேண்டும். அதனால் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கோ தம்பிக்கோ வருவது சகஜம். வந்தால் வேப்பிலை கட்டி, அம்மனுக்கு வேண்டிக்கொண்டு, தண்ணீர் ஊற்றி முடிப்போம். வெளியே சொல்ல மாட்டோம். வேண்டுதல் வேண்டுதலாக இருக்கட்டும், அதோடு போனும் பண்ணுங்கள். தொற்றியபின் வெளியே தெரிய 10 முதல் 21 நாள் ஆகும். கொப்புளம் வருவதற்கு ஓரிரு நாள் முன்பே அது பரவத் தொடங்கிவிடும். ஆகவே முகாமுக்கு முந்தைய மூன்று வாரத்தில் வீட்டிலோ வகுப்பிலோ யாருக்காவது அம்மை வந்திருந்தால், நல்லாக இருக்கும் அண்ணனையும் சேர்த்து, முதலில் டாக்டரிடம் கேளுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி ஒரே வார்த்தை: டிசம்பர் வெயிலில் டிக்கியில் மூன்று மணி நேரம் வந்த பிரியாணி வேண்டாம். கஷாயம், மூலிகைப் பொடி ஏதாவது கொடுத்துக்கொண்டிருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

இன்னொரு மறைத்தல் இருக்கிறது. சொந்தக்காரர்கள் என்ன நினைப்பார்களோ, பெண்ணுக்கு நாளை கல்யாணம் ஆகணுமே என்று நோயின் பெயரைப் பிள்ளையிடமே சொல்லாமல் "ரத்தம் கொஞ்சம் வீக்" என்று வைத்திருக்கும் வீடுகள் உண்டு. முகாமில் பிள்ளைகள் சாப்பாட்டு மேசையில் "உனக்கு என்ன கேன்சர்? எனக்கு லுகேமியா" என்று கிரிக்கெட் ஸ்கோர் மாதிரிப் பேசிக்கொள்வார்கள். அந்தப் பெயரை வீட்டிலிருந்து கேட்டுவிட்டு வரட்டும். எப்படிச் சொல்வது என்று தெரியாவிட்டால், 1979-இல் பெற்றோர்களே தொடங்கிய சாக் (CHOC) என்ற குழந்தைப் புற்றுநோய் உதவி அமைப்பிலோ வார்டிலோ உள்ள சமூகப் பணியாளர் உதவுவார்.

நான் அதிகம் சொல்ல விரும்புவது கூடப்பிறந்தவர்களைப் பற்றி. முதல் நாள் பை சோதனையில் எல்லாம் தெரிந்துவிடும். நோயாளித் தம்பியின் பை புதியது. ஒவ்வொரு மருந்திலும் பெயர், வேளை எழுதி ஒட்டியிருக்கும், தொப்பி, சன்ஸ்கிரீன், மூன்று டவல். அக்காவின் துணி ஒரு சூப்பர்மார்க்கெட் பாக்கெட்டில் இருக்கும், டவல் இருக்காது. யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. ஆனால் அவளுக்குக் கணக்குத் தெரியும்.

"தம்பியைப் பார்த்துக்கோ" என்று சொல்லி அனுப்புவதுதான் பெரிய தவறு. அவள் சாப்பிடும்போது அவன் தட்டையே பார்ப்பாள், அவன் இருமினால் ஓடுவாள். அவளும் முகாமுக்குத்தான் வந்திருக்கிறாள். முடிந்தால் இருவரையும் வேறு வேறு குழுவில் போடச் சொல்லுங்கள். தன்னார்வலர்களும் அவளைப் பார்த்ததும் "தம்பி எப்படி இருக்கான்?" என்று தொடங்காமல், அவள் பெயரைக் கேட்கலாம். மனசுக்குள் இந்தப் பிள்ளைகள் வைத்திருப்பது பெரியவர்களுக்குத் தெரியாது. சண்டையில் "செத்துப் போ" என்று சொன்னதால்தான் நோய் வந்தது என்று நம்பும் அண்ணன் இருப்பான். நோயாளிக்குக் கொடுக்கத் தன் எலும்பு மஜ்ஜை பொருந்தவில்லை என்பதால் தான் தோற்றுவிட்டதாக நினைக்கும் தங்கை இருப்பாள். ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்தவர்களுக்குள் முழுதாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்றுதான் என்று யாராவது அவளிடம் சொல்லியிருக்கலாம்.

பிள்ளை இறந்துபோன வீட்டில், அடுத்த வருடம் அண்ணனை அனுப்ப மாட்டார்கள். முகாம்காரர்களும் கூப்பிடக் கூச்சப்படுவார்கள். தம்பியோடு சேர்த்து அவன் தன் கூட்டாளிகளையும் இழக்கிறான். பெற்றோரே போன் பண்ணிக் கேளுங்கள், அவன் வரலாமா என்று. பட்டியலில் பெயர் இல்லாத பிள்ளை எங்கே என்று மற்றவர்கள் கேட்பார்கள். "ஊருக்குப் போயிருக்கான்" என்ற பதில் மட்டும் வேண்டாம், இறந்துவிட்டான் என்றே சொல்லுங்கள்.

வீடு திரும்பியபின் ஒரு வாரம் அக்காக்காரி எதிர்த்துப் பேசுவாள், தனக்கும் இது வேண்டும் அது வேண்டும் என்பாள். "அங்கே போய்க் கெட்டுட்டா" என்று பெரியம்மாவிடம் சொல்ல வேண்டாம். அப்புறம், முகாம் எண்ணை 21 நாள் வரை போனிலிருந்து அழிக்காதீர்கள். அங்கே யாருக்காவது அம்மை வந்தால் அவர்கள் கூப்பிடுவார்கள். தடுப்பு மருந்து கொடுக்க வேண்டியிருந்தால், அம்மை வந்தவரோடு இருந்ததிலிருந்து முதல் 4 நாட்களுக்குள் என்றால் நல்லது. ஆகவே கிறிஸ்துமஸ் விருந்து நடுவில் வந்தாலும் எடுத்துப் பேசுங்கள்.