123456789-ஐக் கையாலேயே பகாக் காரணிகளாகப் பிரிப்பது எப்படி?

பேனாவும் தாளும் போதும். பார்த்தால் மலைப்பாக இருக்கும், ஆனால் சரியான இடத்தில் வழியை மாற்றினால் சில நிமிட வேலைதான்.

முதலில் சுலபமானதை முடியுங்கள். இலக்கங்களைக் கூட்டினால் 45, ஆகவே 9-ஆல் வகுபடும், வகுத்தால் 13717421. இதன் இலக்கக் கூட்டல் 26, அதனால் 3-க்கு இனி இடமில்லை. 2-ம் 5-ம் கடைசி இலக்கத்தைப் பார்த்தாலே இல்லை என்று தெரியும். 7, 11, 13 மூன்றையும் ஒரே அடியில் சோதிக்க, எண்ணை வலமிருந்து மும்மூன்று இலக்கமாக வெட்டி, மாற்றி மாற்றிக் கழித்துக் கூட்டுங்கள்: 421 − 717 + 13 = −283. (7 × 11 × 13 = 1001 என்பதால்தான் இது பலிக்கிறது.) 283 இந்த மூன்றாலும் வகுபடாது, எனவே பெரிய எண்ணும் வகுபடாது.

இனி 17, 19, 23 என்று ஏறிக்கொண்டே போனால் ஐநூறு பகா எண்களைத் தாண்டித்தான் விடை வரும். அது வேண்டாம், பதினேழாம் நூற்றாண்டின் பிரெஞ்சுக் கணித அறிஞர் பியர் டி ஃபெர்மா காட்டிய வழிக்கு வாருங்கள். இரண்டு எண்களுடைய சராசரியின் வர்க்கத்திலிருந்து, அவற்றின் வித்தியாசத்தில் பாதியை வர்க்கப்படுத்திக் கழித்தால் அவற்றின் பெருக்கற்பலன் கிடைக்கும், இல்லையா? அதைத் தலைகீழாகச் செய்கிறோம்: நம் எண்ணைவிடச் சற்றுப் பெரிய வர்க்கத்தில் எண்ணைக் கழித்து, மிச்சமும் ஒரு வர்க்கமாக வருகிறதா என்று தேடுகிறோம்.

13717421-இன் வர்க்கமூலம் 3703-க்குச் சற்று மேல். எனவே 3704-இல் தொடங்குங்கள். 3704-இன் வர்க்கம் 13719616, அதில் நம் எண்ணைக் கழித்தால் 2195. 5-இல் முடியும் வர்க்கம் 25-இல்தான் முடிய வேண்டும், இது 95, தள்ளிவிடலாம். அடுத்து 3705: வர்க்கம் 13727025, கழித்தால் 9604. அது 98-இன் வர்க்கம்! இரண்டாவது முயற்சியிலேயே கதவு திறந்துவிட்டது, எனக்கு இந்த எண்ணில் மிகவும் பிடித்த இடம் இதுதான். 3705 − 98 = 3607, 3705 + 98 = 3803.

இரண்டும் பகா எண்கள்தானா என்று பார்க்க 61 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும், எதுவும் வகுக்காது. ஆக, 123456789 = 3 × 3 × 3607 × 3803.

அப்புறம் மற்றதெல்லாம் தானாக வரும். இந்த எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்கள் மொத்தம் 3 × 2 × 2 = 12. அவற்றின் கூட்டுத்தொகை (1 + 3 + 9) × (1 + 3607) × (1 + 3803), அதாவது 13 × 3608 × 3804 = 178422816; எண்ணையே கழித்தால் 54966027, எண்ணைவிடக் குறைவு, ஆகவே இது குறைவெண். இன்னொன்று: இதை 8-ஆல் பெருக்கி 9 கூட்டினால் 987654321. அதனாலேயே இந்த இரண்டு எண்களின் மீப்பெரு பொதுக் காரணி 9, 987654321-ஐக் காரணிப்படுத்தாமலே சொல்லிவிடலாம்.

ஒரு எச்சரிக்கை: இரண்டு காரணிகளும் அருகருகே இருந்தால்தான் இந்த வழி வேகமாக ஓடும், தள்ளித் தள்ளி இருந்தால் வெகுநேரம் இழுக்கும். இரண்டு பெரிய பகா எண்களின் பெருக்கற்பலனைப் பிரிப்பது கடினம் என்பதை நம்பி இயங்கும் ஆர்எஸ்ஏ குறியாக்கத்தில் நெருக்கமான இரண்டு பகா எண்களை எடுக்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

பழக ஒரு எண்: ஃபெர்மா 1643-இல் பிரித்துக் காட்டிய 2027651281. 45030-இல் தொடங்குங்கள், பன்னிரண்டாவது முயற்சியில் விடை கிடைக்கும்.