ஓப்பன் ஆக்சஸ் கட்டணத்தை நூலகமே செலுத்தும்படி செய்வது எப்படி?

ஆய்விதழில் கட்டுரை அக்செப்ட் ஆன சந்தோஷம் அடங்குவதற்குள், ஓப்பன் ஆக்சஸ், அதாவது யாரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிட வேண்டுமென்றால் 3,000 டாலர் கட்டு என்று மெயில் வரும். நீங்கள் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் 10 வளாகங்களில் ஒன்றில் இருந்தால், பர்ஸைத் திறக்கும் முன் நூலகத்தின் பக்கம் திரும்புங்கள்.

முன்பு படிப்பதற்குச் சந்தா நூலகம் கட்டும், வெளியிடுவதற்குக் கட்டணம் ஆய்வாளர் கட்டுவார், ஒரே பதிப்பகம் இரண்டு பக்கமும் வாங்கிக்கொள்ளும். இது வேண்டாம், இரண்டையும் ஒரே ஒப்பந்தத்தில் முடியுங்கள் என்று பல்கலைக்கழகம் கேட்டது, எல்செவியர் பதிப்பகம் இறங்கி வரவில்லை, 2019 பிப்ரவரியில் பல்கலைக்கழகம் சந்தாவையே நிறுத்திவிட்டது. 2021 மார்ச்சில்தான் புது ஒப்பந்தம் கையெழுத்தானது. இப்போது ஸ்பிரிங்கர் நேச்சர் உட்பட வேறு பதிப்பகங்களோடும் இப்படி ஒப்பந்தம் உண்டு.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது என்ன? கட்டுரையை அனுப்பும் முன்பே அந்த ஆய்விதழ் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று நூலகத் தளத்தில் பாருங்கள். பதிப்பகத்தின் பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், ஒரே பதிப்பகத்திலும் சில இதழ்கள் விடுபட்டிருக்கும்.

அடுத்தது கரஸ்பாண்டிங் ஆதர், அதாவது பதிப்பகத்தோடு தொடர்பில் இருக்கும் ஆசிரியர், யார் என்பது. பணம் அவர் பெயரோடுதான் போகும். இணை ஆசிரியராக நீங்கள் இருந்து, கரஸ்பாண்டிங் ஆதர் வேறு ஊர்ப் பல்கலைக்கழகத்துக்காரர் என்றால் உங்கள் நூலகத்தால் ஒன்றும் செய்ய முடியாது. நீங்கள்தான் அவர் என்றால் ஜிமெயிலை விட்டுவிட்டுப் பல்கலைக்கழக மெயிலையே கொடுங்கள், பதிப்பகத்தின் கணினி உங்களை அடையாளம் காண அது உதவும்.

அக்செப்ட் ஆன பிறகு வரும் படிவத்தில்தான் விஷயமே இருக்கிறது. பொதுவாக முதல் 1,000 டாலரை நூலகம் தானே கட்டிவிடும். மீதிக்கு உங்களிடம் கிராண்ட் (ஆய்வுக்குக் கிடைத்த நிதி) இருக்கிறதா என்று கேட்பார்கள். இருந்தால் அதிலிருந்து கட்ட வேண்டும், ஆக 3,000 டாலர் கட்டணத்தில் உங்கள் பங்கு 2,000. இல்லையென்றால் இல்லை என்று குறியுங்கள், பெரும்பாலான இதழ்களுக்கு முழுத் தொகையையும் நூலகமே ஏற்கும். கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை, கிராண்ட் உள்ளவர் கட்டினால் இல்லாதவருக்கு மிஞ்சும் என்பதுதான் கணக்கே. ஜெர்மனியில் பல்கலைக்கழகங்களுக்காகப் பேசும் டீல் கூட்டமைப்பு 2019இல் வைலி பதிப்பகத்தோடு போட்ட ஒப்பந்தத்தில் கட்டுரைக்கு 2,750 யூரோ என்று விலை வைத்து, பில்லை நேராக நிறுவனத்துக்கே அனுப்ப வைத்தார்கள். ஆய்வாளருக்கு அது சுலபம்தான், ஆனால் வெளியிட என்ன செலவாகிறது என்பதே அவர் கண்ணில் படாது. எனக்கு கலிபோர்னியா முறைதான் பிடித்திருக்கிறது.

லைசன்ஸ் கேட்டால் சிசி-பை போதும், உங்கள் பெயரைக் குறிப்பிட்டு யாரும் கட்டுரையைப் பயன்படுத்தலாம் என்பது அதன் பொருள். வண்ணப் படத்துக்கும் கூடுதல் பக்கத்துக்கும் தனியாகக் காசு கேட்டால் அதை இந்த ஒப்பந்தத்தில் எதிர்பார்க்காதீர்கள்.

இதழ் பட்டியலிலேயே இல்லையா? பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் அவை 2013இல் கொண்டுவந்த விதிப்படி, அக்செப்ட் ஆன பிரதியை ஈ-ஸ்காலர்ஷிப் என்ற பல்கலைக்கழக இணையக் களஞ்சியத்தில் இலவசமாகவே போடலாம். அதற்குத் தேவை பதிப்பகம் அச்சுக்கோத்த பிடிஎஃப் அல்ல, கடைசித் திருத்தம் முடிந்து நீங்கள் அனுப்பிய கோப்பு. அதை அழித்துவிடாதீர்கள்.