சைகோன் பாட்டியின் பாட்டு: வொங் கோ கேட்கப் பழகும் முறை

புதுச்சேரியிலும் காரைக்காலிலும் வியட்நாமியப் பாட்டி இருந்த வீடுகள் உண்டு. பல வீடுகளில் அவர் சமையல் நிலைத்தது, பேச்சு பேரப்பிள்ளைகளுக்கு வரவில்லை. அந்தப் பேச்சைப் பிடிக்க நான் நம்பும் வாசல், தென் வியட்நாமின் இசை நாடகமான காய் லுவாங். அதில் சொற்கள் நீண்டு, தெற்கத்தி உச்சரிப்பிலேயே காதில் விழும்.

முழு நாடகத்தில் தொடங்க வேண்டாம். அதன் உயிர் வொங் கோ என்ற பாட்டு, அது போதும். 1919 வாக்கில் பாக் லியூ ஊரில் காவ் வான் லவ் இயற்றிய பாட்டுதான் இதன் தாய்: இரவில் முரசொலி கேட்டுக் கணவனை நினைத்து ஏங்குபவளின் பாட்டு. அதில் 20 அடி, அடிக்கு 2 தாளத் தட்டு. பின்னால் வந்தவர்கள் அடியை 4, 8, 16 என்று நீட்டி, 32 தட்டில் நிறுத்தினார்கள். இன்று முழுப் பாட்டுக்கு 6 அடி.

படி 1: ஒருவர் மட்டும் பாடும் பதிவாக எடுங்கள். என் தேர்வு, வியென் சாவ் எழுதி ஊட் ட்ரா ஓன் பாடிய பாய் வியாபாரியின் காதல் பாட்டு. ஜோடிப் பாட்டில் ஆணுக்கு ஒரு சுருதி, பெண்ணுக்கு ஒரு சுருதி. ஆள் மாறும்போது, புதிதாகக் கேட்பவர் தட்டு எண்ணிக்கையைத் தவறவிடுவார்.

படி 2: பாடல் வரியை, குரலின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் தொனிக் குறிகளோடு, தாளில் எழுதிக்கொள்ளுங்கள். குறி விட்டால் சொல்லே மாறிவிடும்.

படி 3: தட்டு எண்ணுவது. அநேகமாக எல்லோரும் சறுக்கும் இடம் இதுதான். பாட்டு தொடங்கியதும் ‘ஒன்று’ என்று எண்ணாதீர்கள். முதலில் வாத்தியம் தாளமில்லாமல் உலாவும். பாடகரும் தாளமில்லாமல், பேச்சும் பாட்டுமாக இழுத்துக்கொண்டே போவார். பிறகு ‘ஹோ’ என்ற ஆதார சுரத்தில் குரலை இறக்கி நிறுத்துவார். அரங்கு கைதட்டுவது அந்த நொடியில்தான். அது ஒன்றாம் தட்டு அல்ல, 16ஆம் தட்டு. அங்கிருந்து 17, 18 என்று 32 வரை போய், இரண்டாம் அடிக்கு 1இல் தொடங்குங்கள். அடியின் கடைசிப் பகுதியில் ‘சொங் லாங்’ என்ற, காலால் தட்டும் மரக்கட்டை ‘டொக்’ என்று கேட்கும். உங்கள் எண்ணிக்கை சரியா என்று அதை வைத்துப் பாருங்கள்.

பதிவு ஓடும் வேகத்தை 0.75க்குக் குறைக்கலாம். 0.5க்குப் போனால் குரலின் அசைவு உடைந்து, எது சுரம் எது நடுக்கம் என்றே தெரியாது.

நான்கு அடியிலேயே பாட்டு முடிந்தால் பதிவு குறைபட்டது என்று நினைக்க வேண்டாம். சுருக்கிப் பாடும்போது 1, 2, 5, 6 அடிகளை மட்டும் எடுப்பது வழக்கம்.

படி 4: மெட்டைக் கீபோர்டில் தேடாதீர்கள். சில சுரங்கள் இரண்டு கட்டைகளுக்கு நடுவே நிற்கும். கிதாரிலேயே கழுத்தில் பதித்த உலோகக் கட்டுகளுக்கு (ஃபிரெட்) இடையே மரத்தைக் குழிவாகச் செதுக்கி, கம்பியை ஆழமாக அழுத்திச் சுரத்தை வளைக்கிறார்கள். வீணையில் கமகம் கேட்டவர் காதுக்கு இது சட்டென்று பிடிபடும்.

இன்னொன்று: இரண்டு வொங் கோ ஒரே மெட்டில் கேட்காது. அடி நிற்கும் சுரங்கள்தான் நிலையானவை. நடுவில் உள்ளதைச் சொல்லின் தொனியே ஏற்றி இறக்குகிறது. அதனால் குறியைப் பார்த்தபடியே பாடிப் பழகினால் உச்சரிப்பும் சேர்ந்து திருந்தும்.

படி 5: மொழி கற்பிக்கும் செயலியில் ஹனோய் உச்சரிப்பு வந்தால் தவிருங்கள். வடக்கில் ‘வ’ என்பது தெற்குப் பேச்சில் ‘ய’ ஆகும். பாட்டி ‘யொங் கோ’ என்றே சொல்லியிருப்பார். பாடகர்களில் சிலர் ‘வ’ என்று பாடுவதுண்டு, குழம்ப வேண்டாம்.

எண்ணிக்கை கைவந்ததும், வீட்டுப் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து முதல் அடியை ஓடவிடுங்கள். குரல் இறங்கும் அந்த 16ஆம் தட்டில் நிறுத்தி, அடுத்த வரி என்ன என்று அவரையே கேளுங்கள்.