மெர்லின் தவிர்த்துவிட்ட பெரிய குடும்பம்

பிறவியிலேயே காது கேளாமை தொடரும் குடும்பங்களை மெர்லினில் ஓட்டிக்கொண்டிருந்தேன்; நோய்க்கான மரபணு எந்த இடத்தில் இருக்கலாம் என்று குடும்பத் தரவிலிருந்து கணக்கிடும் நிரல் அது. சின்னக் குடும்பங்களுக்கெல்லாம் லாட் ஸ்கோர், அதாவது நோயும் அந்த இடமும் சேர்ந்தே கடத்தப்படுகின்றனவா என்று காட்டும் மதிப்பெண், வந்தது. தாய்மாமன் அக்கா மகளைக் கட்டிய பெரிய குடும்பத்தை மட்டும் டெர்மினலில் ஒரு வரி சொல்லித் தவிர்த்துவிட்டது. எங்களுக்கு வேண்டியதே அந்தக் குடும்பம்தான்.

உறவுக்குள் கட்டியதால் வம்ச வரைபடத்தில் உண்டான வளையம், அந்த லூப்தான் காரணம், மாமனை உறவில்லாத ஆளாக வேறு எண் போட்டு எழுதிவிடு என்றார் உடன் வேலை செய்பவர். எனக்கு மனசு வரவில்லை. பழைய லிங்கேஜ் நிரலில் லூப்பை உடைக்க வேண்டும், சரி. மெர்லினுக்கு அது தேவையில்லை. தவிர, பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் வரும் ஒடுங்கு மரபு நோயில், ஒரே மூதாதையின் டிஎன்ஏ துண்டு இரு பக்கமிருந்தும் குழந்தைக்கு வந்திருக்கிறதா என்பதே கேள்வி. உறவை அழித்தால் கேள்வியே போய்விடும்.

சிக்கல் பிட் கணக்கில், அதாவது குடும்பம் எவ்வளவு பெரிய கணக்கு என்று மெர்லின் அளக்கும் எண்ணில் இருந்தது. கோப்பில் பெற்றோர் உள்ளவர்களை இரண்டால் பெருக்கி, பெற்றோர் இல்லாதவர்களைக் கழிக்க வேண்டும். இங்கே 17 பேர், 8 பேர்: 34 − 8 = 26. மெர்லினின் இயல்பு வரம்பு 24. பிட்ஸ் விருப்பத்தில் வரம்பை ஏற்றலாம்தான். ஆனால் ஒரு பிட் கூடினால் கணக்கிட வேண்டிய சாத்தியங்கள் இரட்டிப்பாகும், என் மடிக்கணினி தாங்காது.

அப்புறம் குடும்ப விவரம் இருக்கும் பெட் கோப்பைத் திறந்து, டிஎன்ஏ மாதிரியும் இல்லாமல், நோய் நிலையும் 0 (தெரியாது) என்றிருந்து, பிள்ளைகளும் இல்லாத இருவரின் வரிகளை நீக்கினேன். அவர்களால் கணக்குக்குச் சேரும் தகவல் ஏதுமில்லை. இருவருமே கோப்பில் பெற்றோர் உள்ளவர்கள் என்பதால் ஆளுக்கு 2 குறைந்து 22 பிட் ஆனது. கோப்பில் பிழை தேடும் பெட்ஸ்டேட்ஸ் நிரலில் சரிபார்த்து மீண்டும் ஓட்டியதும் ஸ்கோர் வந்தது. மெர்லினின் ட்ரிம் விருப்பம் இதைத் தானாகவே செய்யும். யாரை நீக்குகிறோம் என்று நானே பார்ப்பது எனக்குப் பிடிக்கும்.