மனச்சிதைவு நோயிலிருந்து மீள்பவரின் பணித்திறனை மதிப்பிடும் முறை

மனச்சிதைவு நோய்க்குச் சிகிச்சை பெறும் ஒருவர் வேலைக்குப் போகலாமா என்று வீட்டார் கேட்கும்போது, காதில் குரல் கேட்பது நின்றுவிட்டதா என்பதை வைத்தே பதில் சொல்லும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. அது போதாது. குரல்கள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே தையல் வேலையைப் பிழையின்றி முடிப்பவரும் உண்டு. அவை அடியோடு ஓய்ந்த பின்னும் அரை மணி நேரம் ஓரிடத்தில் உட்கார முடியாதவரும் உண்டு. முனைப்புக் குறைவும், கவனமும் நினைவாற்றலும் தளர்வதும் பணியைப் பெரும்பாலும் அதிகமாகப் பாதிக்கின்றன.

மனநோயால் வரும் குறைபாட்டை அளக்க இந்தியாவில் பயன்படும் ‘ஐடியாஸ்’ அளவுகோல், தன்பராமரிப்பு, பிறருடன் பழகுதல், பேச்சும் புரிதலும், வேலை ஆகிய 4 பகுதிகளுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் தருகிறது; எண் கூடக் கூடக் குறைபாடு அதிகம் என்று பொருள். இல்லத்தரசியின் வீட்டுவேலையையும் மாணவரின் படிப்பையும் அது வேலையாகவே கணக்கிடுவது பாராட்டத்தக்கது. ஆயினும், வேலைப் பகுதியில் 2 என்று எழுதியிருப்பதைக் கொண்டு ஒருவரை எந்த வேலையில் அமர்த்தலாம் என்று முடிவு செய்ய இயலாது. அதற்குத் தொழிற்பயிற்சிக்கூடத்தில் அவர் அருகே இருந்து பார்க்க வேண்டும்.

முதலில், நோய்க்கு முன் அவர் செய்த வேலைகளையும் அவற்றை விட்டதற்கான காரணங்களையும் அவரிடமும் வீட்டாரிடமும் தனித்தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு, காகித உறை ஒட்டுவது போன்ற ஒரே வேலையைக் கொடுத்து, குறைந்தது இரண்டு வாரமாவது காலையிலும் பிற்பகலிலும் கவனியுங்கள். ‘சோம்பல்’, ‘ஒத்துழைக்கவில்லை’ என்பவை தீர்ப்புகளே அன்றிக் குறிப்புகள் அல்ல, ‘10.20க்கு எழுந்து வெளியே போனார், 10.45க்கு அழைத்ததும் வந்து விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தார்’ என்று எழுதினால், அவருக்கு வேலை தெரியும், இடையில் ஒரு நினைவூட்டல் மட்டுமே தேவை என்பது படிப்பவருக்கு விளங்கிவிடும். வாய்ச்சொல் போதுமானதா, செய்து காட்ட வேண்டியிருந்ததா, கைபிடித்துச் செய்விக்க வேண்டியிருந்ததா என்பதையும் ஒவ்வொரு முறையும் குறியுங்கள். தவறைச் சுட்டிக்காட்டினால் எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பதையும் விட்டுவிடாதீர்கள்.

காலையில் மட்டும் வேகம் குறைந்தால், இரவு மாத்திரையின் மயக்கம் தெளியாதிருக்கலாம். கைநடுக்கமும் மருந்தால் வரக்கூடும். இவற்றைத் திறமைக் குறைவாகப் பதிந்துவிடாமல் மனநல மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2001இல் ஏற்றுக்கொண்ட செயல்பாட்டு வகைப்பாடு, ஒருவரால் இயலுவதையும் அவர் தம் சூழலில் உண்மையில் செய்வதையும் பிரித்துப் பார்க்கிறது. அமைதியான மூலையில் ஒரு நாளும் இரைச்சலான கூடத்தில் ஒரு நாளும் அதே வேலையைத் தந்து பார்த்தால், மாற்ற வேண்டியது ஆளையா இடத்தையா என்பது புலப்படும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, அரசு நிறுவனங்கள் ஊழியருக்கு நியாயமான வசதிகளைச் செய்துதர வேண்டும் என்கிறது. எந்த வசதி என்று சொல்ல இந்தக் குறிப்புகளே கைகொடுக்கும்.

இரண்டு வார முடிவில் அவரையே தம் வேலையை மதிப்பிடச் சொல்லி, உங்கள் மதிப்பீட்டோடு ஒப்பிட்டுப் பேசுங்கள். நோயிலிருந்து மீள்பவர் சம்மதித்த பின்பே, வேலை தருபவருக்கு ஒரு பக்க அறிக்கை கொடுங்கள். அதில் செய்யக்கூடிய வேலைகளும் தேவைப்படும் உதவியும் இருந்தால் போதும், நோயின் கதை வேண்டாம். வேலையில் சேர்ந்தபின் முதல் மாதத்திலும் மூன்றாம் மாதத்திலும் அங்கேயே சென்று மறுபடி மதிப்பிடுங்கள்.