தண்ணீர் ஓடும் கேமிங் பிசிக்கு எந்த மதர்போர்டு?

வாட்டர் கூலிங் போட்டு ஓவர்கிளாக்கும் (ப்ராசஸரை அதன் வழக்கமான வேகத்துக்கு மேல் ஓட்டுவது) செய்யப்போகிறீர்கள் என்றால், ஏர் கூலர் வைத்திருப்பவர் பார்க்கிற மாதிரி மதர்போர்டைப் பார்க்காதீர்கள். இங்கே இரண்டு விஷயம் தலைகீழாகிவிடும். ப்ராசஸரைச் சுற்றி அடித்துக்கொண்டிருந்த காற்று நின்றுபோகும். அப்புறம், லூப்பில், அதாவது தண்ணீர் சுற்றிவருகிற குழாய்ப் பாதையில், தண்ணீர் நிரப்பிவிட்டால் போர்டின் பாதி இடத்துக்குக் கையே போகாது. கிராபிக்ஸ் கார்டுக்கும் வாட்டர் பிளாக் (சிப்பின் மேல் உட்கார்ந்து சூட்டைத் தண்ணீருக்குக் கடத்தும் உலோகக் கட்டி) போட்டிருந்தால், அதைக் கழற்ற முதலில் தண்ணீரை வடிக்க வேண்டும். நான் போர்டு எடுப்பது இந்த இரண்டையும் மனதில் வைத்துத்தான்.

போர்டில் என்னென்ன செய்யலாம் என்பதை முடிவு செய்கிற சிப்செட்டின் கதையைச் சட்டென்று முடித்துவிடலாம். இன்டெல் என்றால் ப்ராசஸர் பெயரில் கே இருக்க வேண்டும், போர்டு இசட் வரிசையாக இருக்க வேண்டும்: எல்ஜிஏ1700 சாக்கெட்டுக்கு இசட்690 அல்லது இசட்790, கோர் அல்ட்ரா 200 வரிசை உட்காரும் எல்ஜிஏ1851-க்கு இசட்890. பி760-இல் ராமை வேகமாக ஓட்டலாம், ப்ராசஸரின் வேகத்தை நிர்ணயிக்கிற மல்டிப்ளையரைத் தொட முடியாது. ஏஎம்டி இதில் தாராளம். ஏஎம்5 சாக்கெட்டில் பி650, பி850-இலேயே ஓவர்கிளாக் செய்யலாம், ஏ620, பி840 இரண்டையும் விட்டுவிடுங்கள். எக்ஸ்670இ, எக்ஸ்870இ போர்டுகளுக்குக் கூடுதலாகக் கொடுக்கிற காசு யூஎஸ்பி, எம்.2 (எஸ்எஸ்டி செருகும் ஸ்லாட்), பிசிஐஇ (கார்டு செருகும் ஸ்லாட்) வசதிகளுக்குப் போகிறதே தவிர ஓவர்கிளாக்குக்கு இல்லை. ரைசன் 7 7800எக்ஸ்3டி வாங்குகிறீர்களா? அதன் மல்டிப்ளையர் பூட்டப்பட்டது, கர்வ் ஆப்டிமைசர் என்ற அமைப்பில் வோல்டேஜைக் குறைத்துத்தான் விளையாட முடியும், மின்சாரமும் குறைவாகத்தான் இழுக்கும். அதற்குப் போய் ராட்சத போர்டு எடுப்பது வீண் செலவு.

இப்போது உண்மையான விஷயம், விஆர்எம். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (பிசியின் பவர் சப்ளை) வருகிற 12 வோல்ட்டை ப்ராசஸருக்குத் தேவையான சுமார் 1.3 வோல்ட்டாக இறக்கிக் கொடுப்பது இதுதான். கோர் ஐ9 14900கே அதிகபட்சமாக எடுத்துக்கொள்ள அனுமதிக்கப்பட்ட அளவு 253 வாட். அதை 1.3-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 195 ஆம்ப். ஓவர்கிளாக் செய்து வரம்பைத் திறந்துவிட்டால் 300 வாட்டைத் தாண்டும். விஆர்எம் 90 சதவீதத் திறனோடு வேலை செய்கிறது என்று வைத்துக்கொண்டால்கூட, 250 வாட் கொடுக்கும்போது அதுவே 28 வாட் சூட்டைக் கக்கும். டவர் கூலர் (ப்ராசஸர் மேல் நிற்கும் உயரமான ஏர் கூலர்) இருந்தபோது அதன் ஃபேன் காற்றில் கொஞ்சமாவது இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தது. வாட்டர் பிளாக் வைத்த பிறகு அந்த மூலையில் காற்றே அசையாது. ப்ராசஸர் 70 டிகிரியில் ஜம்மென்று இருக்கும், பக்கத்திலேயே விஆர்எம் 100-ஐத் தாண்டி, போர்டு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தண்ணீர் போட்டும் ஏன் ஃப்ரேம் விழுகிறது என்று நீங்கள் ராமையும் டிரைவரையும் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பீர்கள்.

விஆர்எம் பல பவர் ஸ்டேஜ்களாக, அதாவது மின்சாரத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் சிறு பகுதிகளாக இருக்கும். பெட்டியில் 16+1+2 என்று போட்டிருந்தால், ப்ராசஸர் கோர்களுக்கானது முதல் எண். ஒவ்வொரு பவர் ஸ்டேஜும் எத்தனை ஆம்ப் என்பதையும் சேர்த்துப் பாருங்கள், 60, 90, 110 என்று வரும். பதினாறு ஸ்டேஜ் 90 ஆம்ப் என்றால் 1440 ஆம்ப் ஆயிற்றே, யாருக்கு வேண்டும் என்று தோன்றும். அவ்வளவையும் யாரும் இழுக்கப்போவதில்லை. 200 ஆம்ப் சுமையைப் பதினாறு பேர் பங்கிட்டால் ஆளுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று ஆம்ப்தான் வரும், அதனால் சூடு குறையும், அதுதான் லாபம். ஹீட் சிங்க்கை அருகில் எடுத்த படத்தில் பாருங்கள். மெல்லிய தகடுகளாகப் பிளந்து காற்று நுழைகிற மாதிரி இருந்தால் நல்லது, வழவழவென்று ஒரே கட்டியாக மேலே பிளாஸ்டிக் மூடி, உள்ளே விளக்கு என்றிருந்தால் அது அலங்காரம். இரண்டு ஹீட் சிங்க்கையும் ஹீட் பைப் ஒன்று இணைத்திருந்தால் கூடுதல் நிம்மதி. விமர்சனங்களில் விஆர்எம் வெப்ப அளவைப் பார்க்கும்போது எந்த கூலர் வைத்துச் சோதித்தார்கள் என்பதையும் பாருங்கள். டவர் கூலர் வைத்து எடுத்த அளவு உங்களுக்குப் பொருந்தாது.

சில போர்டுகளில் விஆர்எம் மேலேயே தண்ணீர் ஓடும் வழி இருக்கும், அசூஸின் ஃபார்முலா, கிகாபைட்டின் வாட்டர்ஃபோர்ஸ் மாதிரி. நல்லதுதான், ஆனால் உள்ளே தண்ணீர் படுகிற உலோகம் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். செம்பு ரேடியேட்டரும் அலுமினியமும் ஒரே லூப்பில் சேர்ந்தால் அலுமினியம் அரித்துக்கொண்டே போகும். ப்ராசஸரையும் விஆர்எம்மையும் சேர்த்து மூடுகிற மோனோபிளாக்கைத் தனியாக வாங்குவதற்கு நான் ஆதரவில்லை, அது அந்த ஒரு மாடல் போர்டுக்கு மட்டும்தான் பொருந்தும்.

அடுத்தது கை போகாத பிரச்சினை. ஒருமுறை ராம் டைமிங்கை அளவுக்கு மீறி இறுக்கிவிட்டேன், பிசி எழுந்திருக்கவில்லை. பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) அமைப்புகளை அழிக்கிற இரண்டு பின்களும் கிராபிக்ஸ் கார்டுக்கு நேர் கீழே. வளையாத குழாய் போட்ட ஹார்டு டியூப் லூப், கார்டு ஒரு இஞ்ச்கூட நகராது, ஸ்க்ரூடிரைவர் நுழைய வழியில்லை. தண்ணீரை வடித்து, ஃபிட்டிங்கைக் கழற்றி, கார்டை எடுத்து, இரண்டு பின்னையும் ஐந்து விநாடி தொட வைத்தேன். அந்த ஐந்து விநாடி வேலைக்கு, திரும்ப நிரப்பிக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றி முடிக்க இரவு முழுக்க ஆனது. அன்றிலிருந்து போர்டின் பின்பக்கப் பேனலில் அதே வேலையைச் செய்கிற கிளியர் சிமோஸ் பட்டன் இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்கிறேன், இல்லையென்றால் மேற்கொண்டு படிப்பதே இல்லை. பென் டிரைவிலிருந்தே பயாஸை ஏற்றுகிற பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டனும், எங்கே சிக்கியிருக்கிறது என்று காட்டுகிற இரண்டு இலக்க டிஸ்ப்ளேயும் இதே காரணத்துக்காகத்தான் வேண்டும். எம்.2 ஸ்லாட்டில் ஒன்றுதான் பெரும்பாலும் கார்டுக்கு மேலே இருக்கும், மற்றவை கீழே ஒளிந்திருக்கும். பின்னால் எஸ்எஸ்டி சேர்க்கிற எண்ணம் இருந்தால் தண்ணீர் விடும் முன்பே சேர்த்துவிடுங்கள். சில போர்டுகளில் ஐந்தாம் தலைமுறை எம்.2 ஸ்லாட்டில் ஏதாவது போட்டால் கிராபிக்ஸ் கார்டுக்கான 16 லேன் (தரவு போகும் பாதை) 8 ஆகிவிடும், மேனுவலில் அதற்கென்று ஒரு அட்டவணை இருக்கும், பார்த்துவிடுங்கள்.

பம்ப் கனெக்டர். சாதாரண ஃபேன் ஹெடர் (போர்டில் வயர் மாட்டும் பின்கள்) 1 ஆம்ப், அதாவது 12 வாட் தாங்கும். பம்ப் என்று எழுதிய ஹெடர் 2 அல்லது 3 ஆம்ப் கொடுக்கும். பலரும் போடுகிற டி5 வகை பம்ப் முழு வேகத்தில் சுமார் 23 வாட் எடுக்கும், ஆனால் பெரும்பாலானவை மின்சாரத்தை எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்தே நேராக எடுத்துக்கொள்ளும், போர்டுக்கு வருவது வேகக் கட்டுப்பாட்டு வயர்கள் மட்டும். அதை சிபியு ஃபேன் ஹெடரில் மாட்டுங்கள், பம்ப் சுற்றவில்லை என்றால் போர்டு ஆரம்பத்திலேயே எச்சரிக்கும்.

இன்னொரு சின்ன ஹெடர், இரண்டே பின், வெப்ப சென்சாருக்கானது. பலர் இதைக் கவனிப்பதே இல்லை, எனக்கு இது இல்லாத போர்டே வேண்டாம். லூப்பில் 10கே (10 கிலோ ஓம்) வெப்ப சென்சார் ஒன்றைப் போட்டு அதில் மாட்டி, ரேடியேட்டர் ஃபேன்களைத் தண்ணீரின் வெப்பத்தை வைத்து ஓட்டலாம். ப்ராசஸர் வெப்பம் ஒரு நொடியில் 20 டிகிரி ஏறி இறங்கும், அதை வைத்து ஓட்டினால் ஃபேன் இரைந்து அடங்கி இரைந்து அடங்கி உயிரை வாங்கும். தண்ணீர் சூடாக நிமிடங்கள் ஆகும், ஃபேன் அமைதியாக மெல்ல ஏறும். பயாஸிலேயே இந்த சென்சாரைத் தேர்ந்தெடுக்க முடிகிறதா என்று மேனுவலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

அளவு விஷயத்தில், மேலே ரேடியேட்டர் வைப்பவர்கள் 30 மில்லிமீட்டர் ரேடியேட்டரும் 25 மில்லிமீட்டர் ஃபேனும் சேர்ந்து 55 இறங்கி வரும் என்பதை மறக்க வேண்டாம், உயரமான விஆர்எம் ஹீட் சிங்க் அங்கேதான் இடிக்கும். பழைய வாட்டர் பிளாக்கை எல்ஜிஏ1700-க்கு மாற்றினால் துளை இடைவெளி 75-இலிருந்து 78 மில்லிமீட்டர் ஆகியிருக்கிறது, புது மவுண்ட் வேண்டும்.

ராமுக்கு இரண்டு ஸ்டிக் போதும். ஏஎம்5-இல் டிடிஆர்5-6000 வேக ராம் நிம்மதியான இடம்.

பயாஸ் அப்டேட் ஒழுங்காக வருகிற போர்டாகப் பாருங்கள், இது சும்மா சொல்வதில்லை. 2023-இல் ஏஎம்5-இல் எக்ஸ்3டி ப்ராசஸர்கள் கருகியபோது எஸ்ஓசி வோல்டேஜை (ப்ராசஸரின் மெமரி கன்ட்ரோலர் பகுதிக்குப் போவது) 1.3 வோல்ட்டுக்குள் அடக்கிய திருத்தம் பயாஸ் வழியாகத்தான் வந்தது. 2024-இல் இன்டெல் 13, 14-ஆம் தலைமுறைக்கு 0எக்ஸ்12பி மைக்ரோகோட் (ப்ராசஸரின் உள் நிரலுக்கான திருத்தம்) வந்ததும் அப்படியே.

போர்டு கைக்கு வந்ததும் நேராக லூப்பில் மாட்டாதீர்கள். அதன் அட்டைப்பெட்டி மேலேயே வைத்து, ஏதாவது ஒரு ஏர் கூலரைப் போட்டு, பயாஸை அப்டேட் செய்து, எல்லா ராம் ஸ்லாட்டும் எம்.2 ஸ்லாட்டும் ஃபேன் ஹெடரும் வேலை செய்கிறதா என்று பார்த்து, ராமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்டை ஒரு ராத்திரி ஓடவிடுங்கள். பிழை வந்தால் அப்போதே கழற்றித் திருப்பி அனுப்பிவிடலாம், ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வடிக்க வேண்டியதில்லை.